காதருகே கீறல் விழுந்த ஹெல்மெட்

ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் வருகிறவர்களை கேட்டுக்குள் விடக்கூடாது என்று எங்கள் தொழிற்சாலையில் விதி போட வைத்தவள் நான். பாதுகாப்பு அதிகாரி. அன்றிலிருந்து ஒருவர்கூட வெறுந்தலையோடு வரவில்லை. எல்லார் தலையிலும் சிவப்பு ஹெல்மெட். எல்லாவற்றிலும் காதருகே அதே கீறல்.

மூன்று நாள் நின்று பார்த்த பிறகுதான் பிடிபட்டது. உள்ளே வந்தவர் வண்டி ஷெட்டுக்குப் பின்னால் போய் அதைக் கழற்றி மதிலுக்கு வெளியே வீசுகிறார். அடுத்தவர் பிடித்து மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வருகிறார்.

"போன மாசம் ஹெல்மெட் இல்லாம பைக்ல வீட்டுக்குப் போறப்ப நம்ம லூர்துசாமி மண்டை உடைஞ்சு, இன்னும் பொண்டாட்டி பேர் தெரியாம படுத்துக் கிடக்கான். நீங்கதானே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனீங்க?" என்று ஷெட்டருகே நின்றவர்களிடம் கத்தினேன்.

"அது ரோட்டுல, மேடம். ரோட்டுல யாரு செக் பண்றா?" என்றார் வெல்டர் பூவலிங்கம், நிஜமாகவே புரியாமல்.

ஹெல்மெட்டைப் பிடுங்கி என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் காலை கேட்டுக்கு வெளியே நாற்பது பைக் நின்றது. எட்டரைக்கு மேலாளர் போன் செய்தார். "உள்ள மெஷின் எல்லாம் சும்மா நிக்குதும்மா. ஆடிட் வருது, விதியையும் எடுக்க முடியாது. அதைக் கொடுத்துடுங்க."

அலமாரியைத் திறந்து அதை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால் போனேன். ஹெல்மெட்டின் உள்பஞ்சு நாற்பது பேர் தலையெண்ணெயில் கறுத்துப் போயிருந்தது. யார் மண்டையிலாவது விழட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மதிலுக்கு மேல் வீசினேன்.

கீழே விழுந்த சத்தம் கேட்கவில்லை. ஒரு வண்டி ஸ்டார்ட் ஆனது.