நாற்பது நாள் சாட்சி

அறையில் இருந்தவர்கள்: என் அக்கா தமிழ்செல்வி, பாஸ்டர் அருள்ராஜ், உஷாராணி, அவள் மகள் சிந்து, நான். ஆண்டவரையும் சேர்த்து ஆறு என்றார் பாஸ்டர். எனக்கு ஐந்துதான் வந்தது.

டெல்லி முனிர்காவில் அக்கா வீடு, மூன்றாவது மாடி. ஞாயிறு மதியம். சத்தம் கேட்டால் வீட்டுக்காரர் ஏறி வந்துவிடுவார் என்று ஜன்னலைச் சாத்தியிருந்தோம்.

அக்கா எழுந்து நின்று சாட்சி சொன்னாள்.

பதினாறு வயதிலிருந்து அவளுக்கு வலிப்பு. நாற்பது நாளுக்கு முன் மாத்திரைகளை அவளாகவே குப்பையில் போட்டாள். சுகம் கிடைத்துவிட்டது என்று நம்பி முதலிலேயே நன்றி சொல்லிவிட வேண்டும், மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது ஜெபமே இல்லை என்பது அவள் கட்சி. பாஸ்டர் மருந்தை விடச் சொன்னதில்லை. விடாதே என்றும் சொன்னதில்லை.

"நாப்பது நாளு, சிஸ்டர். ஒருக்கா கூட விழல. தைரியமா கேளுங்க. பயந்து பயந்து கேட்டா அவரு எப்படித் தருவாரு?"

அவள் முகத்தில் பொய் இல்லை. அதுதான் சிக்கல்.

உஷாராணி அழுதுகொண்டே கைப்பையைத் திறந்தாள். ஐஸ் வைத்த சின்ன நீலப் பை ஒன்றை எடுத்தாள். சிந்துவின் இன்சுலின். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நாளுக்கு நான்கு ஊசி. இரண்டு நாள் நிறுத்தினால் பிழைக்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை, போன வாரம் அவளே என்னிடம் சொல்லியிருந்தாள்.

பையைப் பாஸ்டரின் காலடியில் வைத்தாள்.

"இனிமே ஊசி கிடையாதா மம்மி? பக்கா?"

"பக்கா, பேட்டா. ஏசப்பா பாத்துப்பார்."

சிந்து சிரித்தாள். ஊசி குத்திக் குத்திக் கன்றிப்போன தொடையைத் தடவிக்கொண்டாள்.

பாஸ்டர் பையைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஜெபத்தைத் தொடங்கினார்.

"நீயும் கண்ண மூடுல," என்றாள் அக்கா என்னிடம். "ஆண்டவர் ஒன்னத் தின்னுர மாட்டாரு."

நான் மூடவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். ஓடினால் அடுத்த ஞாயிறும் அக்காவின் சாட்சி இருக்கும்.

"நிறுத்துங்க," என்றேன்.

குர்கானில் கால் சென்டர் இரவு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு அக்கா வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் சமையல் என் கையில். இது அங்கே எல்லோருக்கும் தெரியும். தெரியாததைச் சொன்னேன்.

அதே மாத்திரையை மறுபடி வாங்கினேன். பொடித்தேன். காலையில் காபியில், இரவில் ரசத்தில். நாற்பது நாளும், ஒரு வேளை தவறாமல்.

உஷாராணிதான் முதலில் அசைந்தாள். நீலப் பையை வெடுக்கென்று எடுத்து மடியில் இறுக்கிக்கொண்டாள். சிந்து அழ ஆரம்பித்தாள்.

அக்கா என்னையே பார்த்தாள்.

"இன்னைக்குக் காலைலயுமால?"

"ஆமாக்கா."

"ரசம் கசக்குன்னு கேட்டேன். மிளகுன்னு சொன்னியேல."



அவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"வெளிய போ."

சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினேன். அவள் கை அசையவில்லை. கதவுக்கு உள்பக்கம் தரையில் வைத்துவிட்டுப் படியில் இறங்கினேன்.

நாலு படி இறங்கி நின்றேன். அட்டை பின்னாலேயே பறந்து வரும், பொறுக்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

வரவில்லை.

கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாளை இழுத்துப் போட்டாள்.