தெற்கு வாசலில் ஒரு சத்தியம்

ஜெங் நாட்டுத் தலைநகரின் தெற்கு வாசலில், சத்தியம் செய்வதற்காக அறுத்த எருதின் ரத்தம் கிண்ணத்தில் இன்னும் ஆவி விடுகிறது. அமைச்சர் கோங்சுன் லியாங் அதை ஏந்தி மண்டியிட்டிருக்கிறார். எதிரே சூ நாட்டுத் தளபதி. அவன் பின்னால் வயல்வெளி முழுக்கத் தேர்கள். "போன வருஷம் எங்க எதிரி ஜின் நாட்டுக்காரங்களுக்கும் இதே வாயாலதானய்யா சத்தியம் பண்ணீரு?" "ஆமாங்க. அன்னிக்கு அவங்க படை நின்னுச்சு. இன்னிக்கு உங்க படை நிக்குது." தளபதி சிரிக்கவில்லை. "அவங்களுக்குப் பிணையா யாரைக் குடுத்தீரு?" "என் மூத்த மகனைங்க." லியாங் விரலை ரத்தத்தில் தோய்த்து உதட்டில் தடவுகிறார். இந்தச் சேதி ஜின் நாட்டை எட்டும் நாளில் அங்கே பிணையாக இருக்கும் மகனின் தலை உருளும். உதட்டில் உப்புக் கரிக்கிறது. தளபதி குனிந்து, அன்பாகவே கேட்கிறான். "இன்னொரு மகன் இருக்கானா?" மதில்மேல் தாயோடு நிற்கும் இளையவன் பக்கம் திரும்பிவிடாதபடி கழுத்தை இறுக்கிக்கொண்டு, "இருக்கான்" என்கிறார் லியாங்.