ஓரத்துப் பென்சில் எழுத்து

சாரம் பகுதியிலுள்ள பைண்டிங் கடையில் பிற்பகல் வெயில் வெட்டும் இயந்திரத்தின் கத்தியில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்கிறது. தரையெல்லாம் காகிதக் கீற்றுகள். மின்விசிறிக் காற்றில் சில தெருவுக்கே நகர்கின்றன. நூலகர் அமிர்தவல்லி ஒன்றைக் குனிந்து எடுக்கிறார். அதில் பாதி வெட்டுப்பட்ட பென்சில் எழுத்துகள். ஒரு பெரிய எழுத்தாளர் தன் நாவல்களின் ஓரத்தில் தானே திருத்தி எழுதிய பிரதிகள் இவை. நாற்பது வருடம் வீடுவீடாக ஏறியிறங்கி அமிர்தவல்லி சேர்த்தவை. “தையல் மட்டுந்தானய்யா போடச் சொன்னேன்?” பைண்டர் கொளஞ்சி பெருமையாகச் சிரிக்கிறார். “ஓரமெல்லாம் ஒரே கிறுக்கலு மேடம். பிசிறில்லாம வெட்டிட்டேன். இது ஒண்ணுதான் பாக்கி.” கடைசிப் புத்தகம் கத்திக்கடியில் இருக்கிறது, அவர் கை கைப்பிடிக்குப் போகிறது. அமிர்தவல்லி தன் உள்ளங்கையைப் புத்தகத்தின்மேல் அறைந்து வைக்கிறார். “வெட்டுய்யா. அவரு கையெழுத்து போன எடத்துக்கே என் கையும் போவட்டும்.”