கொள்ளைக்கூட்டத் தலைவரின் வெந்நீர்

"நம்ம தங்கச்சுரங்கத்து சைனைடு மண்மேட்டைவிடப் பெரிய பாலைவனம்பா! அங்க இருக்கிற கொள்ளைக்காரனுங்க அத்தினி பேருக்கும் நான்தான் தலைவன்!"

பெங்களூர் ரயிலில் ஏனோக் கர்ஜித்தார். கார்ட்டூன் படங்களுக்குத் தமிழில் குரல் கொடுப்பவர். அவர் தெருக்காரனான தனசேகர், கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறியதிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"கடைசியில ஜெயிக்கிறது யாருண்ணே?"

"ஒரு கோமாளிப் பொடியன். கதையை அப்படி எழுதித் தொலைச்சிட்டானுங்க. என் குரலுக்கு முன்னாடி அவன் பூனைக்குட்டி."

பக்கத்தில் அவர் மனைவி ஷைலா, மடியில் பிளாஸ்க்கோடு ஜன்னலைப் பார்த்துச் சிரித்தாள்.

"அண்ணி இன்னாத்துக்கு தினமும் கூட வர்றாங்க?"

"தொண்டைக்கு வெந்நீர் வேணாமா?"

"ஞாயித்துக்கிழமை ஆண்டர்சன்பேட்டை சர்ச் ஹால்ல உங்க படம் போடறாங்களாமே! குடும்பத்தோட வர்றேன்."

கர்ஜனை சட்டென்று இறங்கியது. "அது சின்னப் பசங்க படம்பா. உனக்கு எதுக்கு?"

ஞாயிறன்று தனசேகர் குடும்பத்தோடு போனான். திரையில் தலைவன் உறும, ஹாலே அடங்கிப்போயிற்று. கோமாளிப் பொடியன் நொண்டி ஒட்டகத்திலிருந்து குதித்தான்.

"இன்னாய்யா சத்தம்? செருப்பை வெளிய விட்டுட்டு வந்து பேசு!"

தெருக்குழாயடியில் தினமும் கேட்கிற குரல். ஹால் சிரிப்பில் குலுங்கியது.

"அண்ணி, நீங்களா?" பின்வரிசையில் ஏனோக்கோடு உட்கார்ந்திருந்த ஷைலாவிடம் திரும்பினான் தனசேகர்.

"பொடியன் குரல்னா எப்பவும் பொம்பளைங்கதானே பேசுவோம்" என்றாள் ஷைலா. படம் முடிந்ததும் பிள்ளைகள் அவளை மொய்த்துக்கொண்டார்கள்.

கொள்ளைக்கூட்டத் தலைவர் பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் வெந்நீர் ஊற்றி அவளிடம் நீட்டினார்.

"குடிம்மா, நாளைக்கு ரெண்டாம் பாகம் பேசணும். அதுலயாவது என்னைக் கொஞ்சம் மெதுவா அடி."