சங்கரம்மாள் பேசாத பக்கம்

நான் நீட்டிய கைக்கடிகாரப் பெட்டியை வாங்கி, திறந்துகூடப் பார்க்காமல் மடியில் வைத்துக்கொண்டாள் பிருந்தா.

கல்யாணமாகி நாற்பது நாள். துபாயிலிருந்து நான் வந்திறங்கிய மறுநாளே, என்னைப் பார்க்கத் திருச்சுழியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள் என் மகள்.

கல்யாணத்துக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. மாப்பிள்ளை வேறு யாருமில்லை, என் மனைவி சங்கரம்மாளின் தம்பி பால்ச்சாமிதான்.

எங்களுக்குக் கடிதமெல்லாம் கேசட்டில்தான். சங்கரம்மாளுக்கு எழுத வராது. ஒரு பக்கம் பேசி, லீவு முடிந்து திரும்புகிறவர்களிடம் கொடுத்தனுப்புவாள். மறுபக்கத்தில் அவள் பேசியதே இல்லை.

அதே கேசட்டில், அவள் பேசியதன் மேலேயே என் பதிலைப் பதிந்து அனுப்புவேன். புதுக் கேசட் வாங்கச் சோம்பல்.

கடைசிக் கேசட்டில், பெண்ணைத் தன் தம்பிக்கே கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாள். சப்பாத்தி உருட்டிக்கொண்டே கேட்டேன். பாதியிலேயே விஷயம் புரிந்துவிட்டது. மீதியை ஓடவிட்டுக் குளிக்கப் போனேன். என் லட்சணம் அவ்வளவுதான்.

'எல்லாத்தையும் ஒண்ணுவிடாமக் கேட்டேன். பிருந்தா அம்மா சொல்றபடியே செய்யுங்க' என்று பதிந்தேன். திருப்பிப் போட்டு, அறை நண்பர்களும் நானுமாக நாலு பாட்டுப் பாடி நிரப்பினோம்.

சங்கரம்மாள் குடத்தோடு தெருக்குழாய்க்குப் போனதும் பிருந்தா என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“மறுபக்கம் நான் பேசுனதையும் கேட்டுட்டுத்தானப்பா சரின்னு சொன்னீக? நீங்களே சொல்லிட்டபெறகு என்ன இருக்குன்னுதான் கழுத்தை நீட்டுனேன்.”

அந்தப் பக்கத்தை நான் போட்டே பார்க்கவில்லை.

கேட்கவில்லை என்றால் இவள் எதற்காகக் கழுத்தை நீட்டினாள்? கேட்டும் சரி என்றேன் என்றால் நானெல்லாம் என்ன அப்பன்? கடைசியில் கேட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அவள் வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

“அம்மா காதுல விழுந்துறக் கூடாதுன்னுதான அது மேல பாட்டைப் பதிஞ்சீக?”

“ஆமா தாயி.”

என் கையைப் பிடித்துக்கொண்டு பிருந்தா விம்மி விம்மி அழுதாள். எவ்வளவு நாளாய் அடக்கி வைத்த அழுகையோ, நிற்கவே இல்லை. குழாயடியிலிருந்து சங்கரம்மாள் வரும் சத்தம் கேட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அது நம்ம ரெண்டு பேரோட போகட்டும்ப்பா.”

சரி என்றேன்.

எது என்று அவளிடம் இனி எப்படிக் கேட்பேன்?