ஏகமனதாக

சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தாள்.

மதிப்பீட்டுக் குழுவில் அவள்தான் இளையவள். மற்ற நால்வரும் பெரிய பேராசிரியர்கள். அரசு ஆராய்ச்சி நிதி இந்த முறை ஒரே ஒரு திட்டத்துக்கு.

சுருட்டை விரியன் கடிக்குப் போடும் மருந்து சில ஊர்களில் ஏன் சரியாகக் கேட்பதில்லை? பரமக்குடிப் பக்கம் ஒரு சின்னக் கல்லூரியிலிருந்து நாகூர்கனி என்பவர் இதை ஆராய ஒரு திட்டம் எழுதியிருந்தார். காலையில் அவரே வந்து விளக்கிவிட்டுப் போனார்.

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்திருந்தாள். கடைசியில், இது தனக்குத் தோன்றவில்லையே என்று பொறாமைதான் வந்தது.

பெரிய நிறுவனம் இல்லை. தெரிந்த பெயர் இல்லை. தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

பேசினாள். மூச்சு விடாமல் பேசினாள்.

யாரும் மறுக்கவில்லை.

எதிலும் குற்றம் கண்டுபிடிக்கும் சதாசிவம்கூட விண்ணப்பத்தைத் திறக்காமலே தலையாட்டினார். எல்லோரும் பத்துக்கு ஒன்பது போட்டார்கள்.

ஜெயித்துவிட்டோம். அவளுக்குக் காதெல்லாம் சூடாகியிருந்தது.

டீ வந்தது. தலைவர் வடைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இவ்ளோ பேசியிருக்க வேணாம்மா. மந்திரி ஆபீஸ்லேருந்து நேத்தே எங்களுக்கெல்லாம் போன் வந்துடுச்சு. உங்களுக்கு வரலையா?"

வரவில்லை என்றாள்.

சதாசிவம் வடையைப் பிட்டார். "அம்மா பேசுனதப் பார்த்தா, இவங்களுக்குத்தான் மந்திரியே பேசியிருப்பாரு போல."

எல்லோரும் சிரித்தார்கள். அன்பாகத்தான்.

எழுந்து எதிர்க்கலாம். மறுபடி மதிப்பிடச் சொல்லலாம். சொன்னால் திட்டம் விழும். பாம்பு கடித்துக் கிடப்பவருக்கு யார் யாருக்குப் போன் செய்தார்கள் என்பது தேவையில்லை.

டீயை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வராந்தாவில் நாகூர்கனி நின்றிருந்தார். முடிவு என்ன என்று கேட்கவில்லை.

"எங்க மாமனார் கட்சில இருக்காங்க மேடம். எனக்குத் தெரியாம யார்கிட்டயோ சொல்லிட்டாங்க. காலைலதான் தெரியும்."

அறைக் கதவைப் பார்த்தார்.

"உள்ள யாராவது ஒருத்தராச்சும் படிச்சீங்களா?"

நான் படித்தேன் என்றாள். அருமையான வேலை என்றாள்.

அவர் மரியாதையாகச் சிரித்தார். உள்ளே இருந்தவர்களுக்கும் அப்படித்தான் சிரித்திருப்பார்.

பாராட்டினால் நம்பமாட்டார். ஒரு குறை சொன்னால் நம்புவார். ஒரே ஒரு குறை.

அவள் பக்கம் பக்கமாக யோசித்தாள்.

ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.