முருங்கையடி வால்

கரம்பொன் ஊரில் ஸ்ரெலாவின் பன்றிக்கொட்டிலில் வால் சுருண்டிருந்தால் சுகம், தொங்கினால் அடுத்தது கடிதான். போன கிழமை சின்னன் என்ற குட்டியின் வாலை மற்றவை அடியோடு கடித்துவிட்டன. ஸ்ரெலாவே அதை முருங்கையடியில் புதைத்தாள்.

"இன்னொரு கடியெண்டால் எல்லாத்தையும் வித்துப்போடுவன்," என்றான் கணவன் அருளப்பு.

வால்களுக்குப் பதிலாகக் கடிக்கட்டுமென்று தேங்காய்ப் பொச்சுமட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டாள் ஸ்ரெலா.

இன்று காலை எல்லா வால்களும் சுருண்டிருந்தன, சின்னனுடையதும்.

"இஞ்சாருங்கோ, சின்னனுக்கு வால் வந்திட்டுது!"

"வரட்டுமன். அப்ப விக்கத் தேவையில்லை," என்று சிரித்தபடி அருளப்பு தவிடு கரைத்தான்.

ஸ்ரெலா மண்வெட்டியோடு முருங்கையடிக்குப் போனாள். தோண்டிப் பார்த்தால், புதைத்த வால் புதைத்தபடியே கிடந்தது. வெயில் பட்டதும் அது மெல்லச் சுருண்டது.

"உமக்கும் சுகந்தான் போல," என்று சொல்லி, நோகாமல் மண்ணால் மூடினாள்.